இன்னும் கொஞ்சம்

"நிறுத்து" என்றொரு குரல்,
உறக்கத்துக்குள் ஒரு கால் வைத்ததும்.
உதறி விழிக்கிறேன்.
இரும்புக் கட்டில் அதிர்கிறது.
மேல் தட்டிலிருந்து தொபியாஸ் கேட்பான்:
"உனக்குமா?"

பகல் முழுக்க என் வேலை அது.
சோஹார் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று
வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும்.
இறக்கு, இறக்கு, இன்னும் ஒரு முழம்,
மெதுவாக, நிறுத்து.
மேலே கண்ணாடிக் கூண்டில் தொபியாஸ்.
என் முகம் அவனுக்கு ஒரு மஞ்சள் தொப்பி,
குரல் மட்டும்தான் நான்.

அவனிடம் ஏசி பேசியது.
முதலில் பெயர் மட்டும்,
உவரியில் மீன் ஏலம் விடுகிறவன்போல
ஒரே மூச்சில் பத்துத் தடவை.
பிறகு கணக்குக் கேட்டது:
போன மாதம் எவ்வளவு அனுப்பினாய், மீதி எங்கே?
வெக்கை ஏறியதும் நான்கு பேராகிவிட்டார்கள்.
ஒருத்தி தெலுங்கு.
"உனக்குத் தெலுங்கு தெரியாதே" என்றேன்.
"திட்டுகிறாள் என்பது தெரிகிறதே" என்றான்.

ஓர் இரவு அணைத்துப் பார்த்தோம்.
ஜூன் மாதம், ஆறு பேர்.
அரை மணி நேரத்தில்
நேபாளத்துப் பையன் எழுந்து கும்பிட்டான். போட்டுவிட்டோம்.
தொபியாஸ் காலையில் சொன்னான்:
அணைத்திருந்தபோதும் பேசினார்கள்,
ரொம்ப மெதுவாக,
மற்றவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று.

இருபது டன் காற்றில் தொங்க
அவன் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்த அன்று
நிறுத்து என்றேன். நிறுத்தவில்லை.
நிறுத்து.
மூன்றாவதற்கு நின்றது.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
"எந்த நிறுத்து உன்னுடையது
என்று தெரியவில்லை" என்றான் இறங்கி வந்து.
ஃபோர்மேன் கடிதம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சூடான்காரர்.
அவர் ஆங்கிலத்தில் கேட்டதைக்
கோட்டயத்து நர்ஸ் மலையாளத்தில் தந்தார்:
"ஆரும் இல்லாத்தப்போள் சப்தம் கேள்க்காறுண்டோ?"
நான் தமிழில் இறக்கினேன்:
யாரும் இல்லாதபோது சத்தம் கேட்குதா?
இரண்டு கை மாறியதில்
குரல் வெறும் சத்தமாகியிருந்தது.
தொபியாஸ் திருத்தினான்.
"சத்தமில்லை, பேச்சு.
அப்புறம், யாரும் இல்லாதபோது என்றால்
எப்போது? அறையில் ஆறு பேர்."

பதினோரு கேள்விகள்.
ஒவ்வொன்றையும் அவனிடம் தருமுன்
எனக்குள் ஒரு தடவை பதில் சொன்னேன்.
கட்டளை இடுமா? இடும்.
கீழ்ப்படிவாயா? கால் மட்டும்.

பேசுகிறவர்களைத் தெரியுமா?
"மூன்று பேரைத் தெரியாது" என்றான்.
"நாலாவது இவன்.
வாக்கிடாக்கியை அணைத்த பிறகும் இவன்தான்.
திட்டமாட்டான்.
மெதுவாக, மெதுவாக என்பான்."
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.
நர்ஸுக்குத் தமிழ் புரியும்.
அவரும் ஜன்னலைப் பார்த்தார்.

கிளம்பும்போது கேட்டுவிட்டேன்,
ஊரில் ஒருவருக்கு இப்படி என்று.
தூக்கத்தின் வாசலில் கேட்பது
எல்லாருக்கும் உண்டு, பயப்படாதே என்றார் டாக்டர்.
அவருக்குக் கதவு தட்டுவது கேட்குமாம்.
எல்லாருக்கும்.
மாத்திரைபோல அதை விழுங்கிக்கொண்டேன்.
மருந்துச் சீட்டை மடித்தபடி
தொபியாஸ் என்னைப் பார்த்தான்.
ஒரே கட்டில். அவன் மேலே, நான் கீழே.

ஜூலையில் கம்பெனி டிக்கெட்டில் அனுப்பினார்கள்.

கார்த்திகையில் போன்.
நாக்கு தடித்திருந்தது. எடை கூடிவிட்டதாம்.
"போய்விட்டார்கள்" என்றான்.
"நாலு பேரும். நீயும்."
நான் இங்கேதான் இருக்கிறேன் என்றேன்.
"அது தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்து
"ஏசி அதேதானா?" என்றான்.

ஸ்டூலில் ஏறி
தண்ணீர் சொட்டும் மூலையில்
போனை நீட்டிப் பிடித்தேன்.
கை வலித்துக் காதுக்கு எடுத்தபோது
"வெறும் ஏசிதான்" என்றான்.
பிறகு,
"இன்னும் கொஞ்சம் பிடி."